ஏபிஜி அறிக்கையில் உள்ள எண்கள் என்ன சொல்கின்றன? இரத்தத்தின் அமில, காரச் சமநிலை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருப்பவர்களின் கையில் சில நேரம் ஒரு சிறிய அச்சுச்சீட்டு வந்து சேர்கிறது. பிஎச் (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடுதல்), கரியமில வாயு அழுத்தம், பைகார்பனேட், லாக்டேட் என்று அதில் சில எண்கள் இருக்கும். 'ஏபிஜி' என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தத் தமனி இரத்த வாயுப் பரிசோதனையையும், அதில் தெரியவரும் கோளாறுகளையும் பற்றி நோயாளிகளின் உறவினர்களும் செவிலிய மாணவர்களும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே உள்ளன. இது பொதுவான விளக்கம் மட்டுமே. ஒருவருக்கு என்ன சிகிச்சை தேவை என்பதை அவரை நேரில் பார்க்கும் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

எனக்கு அடிக்கடி அசிடிட்டி வருகிறது. என் இரத்தத்தில் அமிலம் கூடிவிட்டதா?

இல்லை. நெஞ்செரிச்சலின்போது இரைப்பையிலுள்ள அமிலம் உணவுக்குழாய்க்குள் ஏறுகிறது, அவ்வளவுதான். இரைப்பைச் சாற்றின் பிஎச் ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை இருப்பது இயல்பு. இரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்கிறது. இந்த இரண்டுக்கும் இடையிலான உறவு பலர் நினைப்பதற்கு நேர்மாறானது: இரைப்பையின் செல்கள் உள்ளே அமிலத்தைச் சுரக்கும்போதெல்லாம் அதற்கு ஈடாக இரத்தத்துக்குள் பைகார்பனேட்டை, அதாவது காரத்தை, அனுப்புகின்றன. வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு இரத்தம் மிகச் சிறிதளவு காரப் பக்கம் நகர்வது இதனால்தான். ஆக, வயிற்றுக்கு மாத்திரை வாங்கிச் சாப்பிடுபவர் 'அசிடோசிஸ்' (இரத்தத்தில் அமில மிகை) என்ற சொல்லைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

பிஎச் 7.4-இலிருந்து 7.1-க்கு இறங்கியிருக்கிறது என்கிறார்கள். 0.3 தானே, இதற்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

பிஎச் என்பது சாதாரண அளவுகோல் அன்று, மடக்கை அளவுகோல்: அதில் ஒன்று குறைந்தால் அமிலத்தன்மை பத்து மடங்கு கூடுகிறது. கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடமான கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணியாற்றிய சோரன்சென் என்ற வேதியியலாளர் 1909-இல் இதை வகுத்தார். அமிலத்தன்மையைத் தரும் ஹைட்ரஜன் அயனிகளின் அளவு அவ்வளவு குறைவு என்பதால், பூச்சியங்களை வரிசையாக எழுதும் தொல்லையைத் தவிர்க்க இப்படி ஒரு வழி தேவைப்பட்டது. பிஎச் 7.4 என்றால் ஒரு லிட்டர் இரத்தத்தில் 40 நானோமோல் ஹைட்ரஜன் அயனி இருக்கிறது. அதே இரத்தத்தில் சோடியம் 140 மில்லிமோல் இருக்கும் (ஒரு மில்லிமோல் என்பது பத்து லட்சம் நானோமோல்). அதாவது ஹைட்ரஜன் அயனியைப் போல ஏறத்தாழ 35 லட்சம் மடங்கு. பிஎச் 7.1-க்கு இறங்கும்போது அந்த 40 நானோமோல் 80 ஆகிவிடுகிறது. சோடியம் இரட்டிப்பானால் எவரும் உயிர் பிழைக்க முடியாது. ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாவதை உடல் சிறிது காலம் தாங்கும், ஆனால் விலை கொடுத்துத்தான் தாங்கும். இதயத்தின் சுருங்கும் வலிமை குறையும், இரத்த அழுத்தத்தை உயர்த்தும் மருந்துகள் சரிவர வேலை செய்யா, பொட்டாசியம் செல்களை விட்டு இரத்தத்துக்கு வரும்.

உடலுக்குள் அமிலம் எங்கிருந்து வருகிறது? அதை வெளியேற்றுவது யார்?

உண்ட உணவை எரிக்கும்போது நாளொன்றுக்கு ஏறத்தாழ 15,000 மில்லிமோல் கரியமில வாயு உண்டாகிறது. இது நீரில் கரைந்தால் அமிலம். நுரையீரல் வழியே வெளியேறிவிட்டால் ஒன்றுமில்லை. புரதங்களிலிருந்து உண்டாகும் கந்தக அமிலம் போன்றவற்றை மூச்சாக வெளியேற்ற முடியாது. அவற்றின் அளவு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமோல். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிமோல். இந்தச் சிறிய பங்கைச் சிறுநீரகம் சுமக்கிறது. அளவு சிறியது என்றாலும், சிறுநீரகம் தவிர வேறு எந்த உறுப்பும் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பைகார்பனேட், ஹீமோகுளோபின், பாஸ்பேட் ஆகியவை தாங்கல் பொருள்களாக நின்று முதல் அடியை நொடிக்கணக்கில் வாங்கிக்கொள்கின்றன. நுரையீரல் நிமிடங்களில் மூச்சின் வேகத்தை மாற்றுகிறது. சிறுநீரகம் நிதானமானது, அதன் பதில் முழுமையாக வெளிப்பட மூன்று முதல் ஐந்து நாட்கள் ஆகும். ஒரு கோளாறு இன்று வந்ததா, பல நாட்களாக இருக்கிறதா என்பதை அறிக்கையிலிருந்து ஊகிக்க உதவுவது இந்த வேக வேறுபாடுதான்.

இவை எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டுக்குள் கொண்டுவந்தவர்கள் ஹெண்டர்சனும் ஹாசல்பால்கும். முன்னவர் 1908-இல் அடிப்படைத் தொடர்பை எழுதினார், பின்னவர் 1916-இல் அதை மடக்கை வடிவத்துக்கு மாற்றினார். இரத்தத்தில் பைகார்பனேட் 24 மில்லிமோல், கரைந்துள்ள கரியமில வாயு 1.2 மில்லிமோல், விகிதம் 20-க்கு 1. இந்த விகிதம்தான் பிஎச்சைத் தீர்மானிக்கிறது. இரண்டும் பாதியாகக் குறைந்தாலும் விகிதம் மாறாது, பிஎச்சும் மாறாது. ஆனால் அந்த மனிதர் நலமாக இருக்கிறார் என்று அதற்குப் பொருள் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் மற்றவை எளிது.

இந்தச் சமநிலைக் கோளாறுகளில் வகைகள் எத்தனை?

அடிப்படையில் நான்கு. பைகார்பனேட் முதலில் குறைந்தால் வளர்சிதை மாற்ற அசிடோசிஸ், முதலில் கூடினால் வளர்சிதை மாற்ற ஆல்கலோசிஸ். கரியமில வாயு முதலில் தேங்கினால் சுவாச அசிடோசிஸ், அளவுக்கு மீறி வெளியேறினால் சுவாச ஆல்கலோசிஸ். அசிடோசிஸ் என்பதை அமில மிகை என்றும், ஆல்கலோசிஸ் என்பதைக் கார மிகை என்றும் புரிந்துகொள்ளலாம். ஒரே நோயாளிக்கு இவற்றில் இரண்டோ மூன்றோ சேர்ந்து வருவதும் உண்டு.

அசிடோசிஸ், அசிடீமியா இரண்டும் ஒன்றா?

இல்லை. இரத்தத்தின் பிஎச் 7.35-க்குக் கீழே இருக்கும் நிலை அசிடீமியா. இரத்தத்தை அந்தத் திசையில் தள்ளும் கோளாறு அசிடோசிஸ். எதிர்த்திசையில் தள்ளும் இன்னொரு கோளாறும் சேர்ந்திருந்தால், பிஎச் சரியாக இருக்கும்போதே உள்ளே அசிடோசிஸ் இருக்கலாம்.

அறிக்கையை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?

முதலில் பிஎச். அது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். அடுத்து, அந்தச் சாய்வுக்குக் காரணம் கரியமில வாயுவா, பைகார்பனேட்டா. கரியமில வாயு அழுத்தம் இயல்பாக 35 முதல் 45 மில்லிமீட்டர் பாதரசம். பைகார்பனேட் 22 முதல் 26 மில்லிமோல். மூன்றாவது கேள்வியைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்: ஒன்று நகர்ந்ததற்கு மற்றொன்று போதிய அளவு ஈடுசெய்திருக்கிறதா?

ஓர் எடுத்துக்காட்டு. இரண்டு நாட்களாக வாந்தியும் வயிற்றுவலியுமாக இருந்த சர்க்கரை நோயாளி ஒருவர் மூச்சு வாங்கியபடி வருகிறார் என்று கொள்வோம். பிஎச் 7.22, கரியமில வாயு 20, பைகார்பனேட் 8. பிஎச் அமிலப் பக்கம், பைகார்பனேட் சரிந்திருக்கிறது, எனவே வளர்சிதை மாற்ற அசிடோசிஸ். இந்த நிலையில் கரியமில வாயு எவ்வளவு இருக்க வேண்டும் என்பதற்கு 'வின்டர் சூத்திரம்' என்று ஒன்று உண்டு: பைகார்பனேட்டை 1.5-ஆல் பெருக்கி 8-ஐக் கூட்ட வேண்டும். இரண்டு கூடலாம், குறையலாம். 8-ஐ 1.5-ஆல் பெருக்கினால் 12. அதனுடன் 8 சேர்ந்தால் 20. நுரையீரல் தன் கடமையைச் செய்திருக்கிறது. அந்த ஆழமான, வேகமான மூச்சுதான் அவரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது. அடால்ஃப் குஸ்மால் என்ற ஜெர்மானிய மருத்துவர் 1874-இல் சர்க்கரை நோயாளிகளிடம் கண்டு விவரித்த மூச்சு இது.

சில மணி நேரம் கழித்து அதே நோயாளிக்குப் பைகார்பனேட் 8-ஆகவே இருக்க, கரியமில வாயு மட்டும் 32-க்கு ஏறியிருந்தால்? 32 என்பது இயல்பான அளவைவிடக் குறைவுதான், எனவே பார்ப்பதற்குக் கவலை தராது. ஆனால் பிஎச் 7.02-க்கு விழுந்திருக்கும். மூச்சு நிதானமாகிவிட்டது என்று உறவினர்கள் ஆறுதல் அடையும் அந்த நேரத்தில் நோயாளி களைத்துப்போயிருக்கிறார். செயற்கைச் சுவாசத்துக்கு ஆயத்தமாக வேண்டிய கட்டம் அது.

'ஆனயான் கேப்' என்று எழுதியிருக்கிறதே, அது என்ன?

இரத்தத்தில் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் சமமாகத்தான் இருக்கும். ஆனால் எல்லாவற்றையும் நாம் அளப்பதில்லை. சோடியத்திலிருந்து குளோரைடையும் பைகார்பனேட்டையும் கழித்தால் கிடைக்கும் மீதிதான் இந்த இடைவெளி. பொதுவாக 8 முதல் 12. மேலே சொன்ன நோயாளிக்குச் சோடியம் 134, குளோரைடு 98 என்றால், இடைவெளி 28. கணக்கில் வராத அமிலம் ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கு இது சான்று. அவரைப் பொறுத்தவரை அது கீட்டோன், அதாவது இன்சுலின் போதாமல் உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலம்.

இடைவெளி கூடும்போது மருத்துவர்கள் தேடுவது பெரும்பாலும் நான்கு காரணங்களை: சர்க்கரை நோயில் கீட்டோன், இரத்த ஓட்டம் குறைந்து திசுக்கள் தவிக்கும்போது லாக்டேட், சிறுநீரகச் செயலிழப்பு, நச்சுகள். நச்சுகளில் மீத்தனால் தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தது மீத்தனாலால்தான். மீத்தனால் குடித்தவுடன் வெறும் போதை மட்டுமே தெரியும். கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றப் பல மணி நேரம் எடுத்துக்கொள்கிறது. அதன் பிறகே பார்வை மங்குவதும் மூச்சு வாங்குவதும் தொடங்கும். முந்தைய நாள் குடித்தவர் மறுநாள் காலையில் 'கண் தெரியவில்லை' என்று சொன்னால், போதை தெளியவில்லை என்று படுக்க வைப்பது உயிருக்கு ஆபத்து. அந்த மாற்றத்தைத் தடுக்கும் மருந்தும் டயாலிசிஸும் உண்டு. இரண்டுக்கும் நேரம் முக்கியம்.

ஒரு சிறு எச்சரிக்கை. இரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் குறைவாக உள்ளவர்களுக்கு இந்த இடைவெளி பொய்யாகக் குறைந்து காட்டும். அல்புமின் டெசிலிட்டருக்கு ஒரு கிராம் குறையும்போது இடைவெளியில் 2.5 கூட்டிக்கொள்ள வேண்டும். நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் நோயாளிகளின் அறிக்கையில் இதை மறந்தால் லாக்டேட் தேங்கியிருப்பது தெரியாமலே போகலாம்.

இடைவெளி சரியாக இருந்தும் அசிடோசிஸ் என்கிறார்களே?

பைகார்பனேட் நேரடியாக இழக்கப்படும்போது அந்த இடத்தைக் குளோரைடு நிரப்பிவிடுகிறது. எனவே இடைவெளி அதிகரிப்பதில்லை. வயிற்றுப்போக்குதான் இதற்கு மிகப் பொதுவான காரணம். குடல் நீரில் பைகார்பனேட் நிறைய உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட்டில் உப்பும் குளுக்கோஸும் பொட்டாசியமும் மட்டுமல்லாமல் லிட்டருக்கு 2.9 கிராம் சிட்ரேட்டும் சேர்க்கப்படுவது அந்த இழப்புக்காகத்தான். உடல் சிட்ரேட்டைப் பைகார்பனேட்டாக மாற்றிக்கொள்கிறது. வீட்டில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுப்பது அவசரத்துக்குச் சரி, ஆனால் பாக்கெட் கிடைத்தால் அதுவே மேல்.

சலைன் பாட்டில்களை அதிகமாக ஏற்றுவதாலும் இந்த வகை வரும். 'நார்மல்' என்று பெயர் இருந்தாலும் அதில் குளோரைடு லிட்டருக்கு 154 மில்லிமோல். நம் இரத்தத்தில் ஏறத்தாழ 100 தான்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் உள்ள அவசரப் பிரிவுகள் நன்கு அறிந்த இன்னொரு காரணம் ஒடுவன்தழை என்ற நச்சுத் தாவர இலையின் நச்சு. அது சிறுநீரக நுண்குழல்களைப் பாதித்து, அமிலத்தை வெளியேற்ற விடாமல் செய்கிறது. கூடவே பொட்டாசியத்தையும் இழக்க வைக்கிறது. முதல் நாள் தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பவரைக்கூட மருத்துவமனையில் வைத்துக் கண்காணிப்பது இதனால்தான்.

சர்க்கரை 180 தான். அப்படியும் கீட்டோ அசிடோசிஸ் என்று சொல்வது சரியா?

சரியாக இருக்கலாம். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகள் சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதால், கீட்டோன் தேங்கும்போதும் இரத்தச் சர்க்கரை அவ்வளவாக ஏறாமல் இருக்கலாம். காய்ச்சல், வாந்தி, விரதம், அறுவை சிகிச்சை ஆகியவற்றின்போது இந்த ஆபத்து கூடுகிறது. திட்டமிட்ட அறுவைக்குக் குறைந்தது மூன்று நாட்களுக்கு முன்பே இவ்விரண்டையும் நிறுத்தச் சொல்வது அதற்காகத்தான். குளுக்கோமீட்டரை மட்டும் நம்பினால் இது தெரியவராது. நீங்கள் சாப்பிடும் மாத்திரையின் பெயரை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாள் கணக்கில் வாந்தி எடுத்தவருக்கு ஆல்கலோசிஸ் என்றார்கள். அதற்குச் சலைன் ஏற்றினால் போதுமா?

பெரும்பாலும் போதும், பொட்டாசியமும் சேர்த்துக் கொடுத்தால். வாந்தியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் போய்விடுகிறது. இரத்தத்தில் பைகார்பனேட் மிஞ்சுகிறது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியேற்றிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் உடலில் நீரும் குளோரைடும் குறைந்திருக்கும்போது சிறுநீரகம் சோடியத்தை விட மனமின்றி அதனுடன் பைகார்பனேட்டையும் பிடித்து வைத்துக்கொள்கிறது. குளோரைடு கிடைத்ததும் விட்டுவிடுகிறது. மேலே அசிடோசிஸுக்குக் குற்றவாளியாக நின்ற அதே சலைன் இங்கே மருந்தாகிறது. நீர் பிரிக்கும் மாத்திரைகளாலும் இந்த வகை ஆல்கலோசிஸ் வரும்.

நுரையீரல் நோயாளிக்கு ஆக்சிஜனைக் குறைவாக வைத்திருக்கிறார்கள். ஏன்?

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ள சிலருக்குக் கரியமில வாயு எப்போதும் தேங்கியே இருக்கும். தேவைக்கு மேல் ஆக்சிஜன் கொடுத்தால் அந்தத் தேக்கம் இன்னும் கூடும். அதனால் இவர்களுக்கு விரலில் மாட்டும் கருவியில் 88 முதல் 92 விழுக்காடு வரை இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்கிறார்கள். கரியமில வாயு 60 என்பதைப் பார்த்தவுடன் பயப்பட வேண்டுமா என்பதும் காலத்தைப் பொறுத்தது. பல மாதங்களாக 60-இல் இருப்பவருக்குச் சிறுநீரகம் பைகார்பனேட்டை 31 வரை உயர்த்தி, பிஎச்சை 7.33 அளவில் நிறுத்தியிருக்கும். கட்டுவிரியன் கடித்துச் சுவாசத் தசைகள் செயலிழந்து சற்று முன் 60-ஐத் தொட்டவருக்குப் பைகார்பனேட் 26 தான் இருக்கும், பிஎச் 7.26-க்கு வந்துவிடும்.

உயர்ந்த பைகார்பனேட்டைத் தவறாகப் படித்தால் என்ன ஆகும் என்பதற்கு வரலாற்றிலேயே சான்று உண்டு. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ கொள்ளைநோயாகப் பரவியபோது, பிளெக்டாம் மருத்துவமனையில் சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். அவர்களின் இரத்தத்தில் மொத்தக் கரியமில வாயு அளவு, அதாவது பெரும்பகுதி பைகார்பனேட், கூடியிருப்பதைக் கண்ட மருத்துவர்கள் காரணம் புரியாத ஆல்கலோசிஸ் என்று எண்ணினார்கள். மயக்க மருத்துவர் பியோர்ன் இப்சென் மட்டும், இது மூச்சு போதாமல் கரியமில வாயு தேங்கியதன் விளைவு என்று வாதிட்டார். ஆகஸ்ட் 27 அன்று 12 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்து, பையைக் கையால் அழுத்திக் காற்றைச் செலுத்திக் காட்டினார், அவள் பிழைத்தாள். பிறகு ஏறத்தாழ 1,500 மாணவர்கள் முறை வைத்து, இரவு பகலாக நோயாளிகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பையை அழுத்தினார்கள். இறப்பு விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவுகளும், பிஎச்சையும் கரியமில வாயுவையும் சேர்த்தே அளக்கும் வழக்கமும் அந்த அனுபவத்திலிருந்து வளர்ந்தவை.

பதற்றத்தில் விரல்கள் மடங்கி இறுகிக்கொண்டன. காகிதப் பையில் மூச்சுவிடச் சொன்னார்கள். சரியா?

வேகமாக மூச்சுவிடும்போது கரியமில வாயு குறைந்து இரத்தம் காரப் பக்கம் போகிறது. அப்போது கால்சியம் அதிகமாக அல்புமினுடன் ஒட்டிக்கொள்வதால், தனித்து உலவும் கால்சியம் குறைந்து, உதட்டைச் சுற்றி மதமதப்பும் விரல்களில் இறுக்கமும் வரும். காகிதப் பை வேண்டாம். ஆஸ்துமா, நுரையீரலில் இரத்தக்கட்டி, மாரடைப்பு, தொடக்கநிலைக் கிருமித்தொற்று எல்லாமே முதலில் வேக மூச்சாகத் தோன்றலாம். அவர்களுக்குப் பை ஆக்சிஜனைக் குறைத்துவிடும்.

கர்ப்பிணிகளுக்கு இயல்பாகவே கரியமில வாயு 30-ஐ ஒட்டி இருக்கும். ஆகவே ஆஸ்துமாவால் திணறும் ஒரு கர்ப்பிணியின் அறிக்கையில் 40 என்று வந்தால் அதை 'நார்மல்' என்று படிக்கக் கூடாது.

எல்லா எண்களும் சரியாக இருந்தால் கவலை இல்லை அல்லவா?

கீழ்க்காணும் அறிக்கையைப் பாருங்கள். பிஎச் 7.40, கரியமில வாயு 40, பைகார்பனேட் 24. பாடப்புத்தகத்தில் அச்சிடும் அளவுக்குச் சுத்தம். ஆனால் சோடியம் 140, குளோரைடு 90, இடைவெளி 26. சிறுநீரகம் செயலிழந்து, அதனாலேயே வாந்தியும் எடுத்துக்கொண்டிருப்பவரின் அறிக்கை இப்படி வரலாம். ஒரு பக்கம் அமிலம் தேங்கிப் பைகார்பனேட்டை இறக்குகிறது; மறுபக்கம் வாந்தி அதை ஏற்றுகிறது. இரண்டு கோளாறுகள் ஒன்றையொன்று மறைத்துக்கொண்டு நிற்கின்றன. ஈடுசெய்தல் என்பது பிஎச்சை இயல்புக்கு அருகே கொண்டுவருமே தவிர, நாள்பட்ட சுவாச ஆல்கலோசிஸ் போன்ற சிலவற்றைத் தவிர, முழுமையாகச் சரிசெய்வதில்லை. எனவே மற்ற எண்கள் கோணலாக இருக்கும்போது பிஎச் மட்டும் நேராக இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எலுமிச்சைச் சாறு, காரத் தண்ணீர், சமையல் சோடா இவற்றால் இரத்தத்தைக் காரமாக்க முடியுமா?

உணவு சிறுநீரின் பிஎச்சை மாற்றும், அது 4.5 முதல் 8 வரை எங்கும் போகலாம். அப்படி மாற்றித்தான் சிறுநீரகம் இரத்தத்தை நிலையாக வைத்திருக்கிறது. விலை கொடுத்து வாங்கும் காரத் தண்ணீர் இரைப்பையின் அமிலத்தில் விழுந்ததும் அதன் காரம் முடிந்துவிடும். சமையல் சோடா வேறு கதை: அது உண்மையான பைகார்பனேட். வாயு பிடித்துக்கொண்டது என்று நாள்தோறும் கரண்டி கரண்டியாகக் குடித்தால், குறிப்பாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, ஆல்கலோசிஸும் சோடியம் மிகையும் வரும்.

அமிலம் கூடியிருந்தால் உடனே பைகார்பனேட் ஊசி போட்டுவிட வேண்டியதுதானே?

ஊசியில் போகும் பைகார்பனேட் அமிலத்துடன் சேர்ந்து கரியமில வாயுவாக மாறுகிறது; அதை வெளியேற்ற நுரையீரலுக்குத் தெம்பு வேண்டும். பொட்டாசியமும் குறையும். கீட்டோ அசிடோசிஸில் இன்சுலினும் நீரும் பொட்டாசியமும்தான் சிகிச்சை. கீட்டோன் எரிந்து தீரும்போது உடலே பைகார்பனேட்டை மீட்டுக்கொள்ளும். பிஎச் 7.0-க்குக் கீழே விழுந்தால்தான் பொதுவாக ஊசியைப் பற்றி யோசிக்கிறார்கள். நாள்பட்ட சிறுநீரக நோயாளிகளின் நிலை வேறு. பைகார்பனேட் தொடர்ந்து குறைவாக இருந்தால் எலும்பும் தசையும் கரையும் என்பதால் அவர்களுக்கு மாத்திரையாகக் கொடுப்பது வழக்கம்.

சாதாரண இரத்தப் பரிசோதனை போதாதா? மணிக்கட்டில் ஏன் இத்தனை முறை குத்துகிறார்கள்?

பிஎச்சையும் பைகார்பனேட்டையும் மட்டும் அறிய வேண்டுமானால் சிரை இரத்தமே பெரும்பாலும் போதும். பிஎச்சில் ஏறத்தாழ 0.03 தான் வேறுபாடு. ஆக்சிஜனையும் கரியமில வாயுவையும் துல்லியமாக அறியத் தமனி இரத்தம் தேவை. நாடி பார்க்கும் இடத்தில் தமனி சிரையைவிட ஆழமாக, நரம்புகளுக்கு அருகில் ஓடுவதால் வலி அதிகம். எடுத்த சிரிஞ்சில் காற்றுக்குமிழி இருந்தாலோ, அது நெடுநேரம் மேசைமேல் கிடந்தாலோ எண்கள் மாறிவிடும். செவிலியர் அதை வாங்கிக்கொண்டு ஓடுவது அதனால்தான். குத்திய இடத்தைக் குறைந்தது ஐந்து நிமிடம் அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், இரத்தம் உறையாதிருக்க மருந்து சாப்பிடுபவராக இருந்தால் இன்னும் கூடுதல் நேரம். ஒரே நாளில் பலமுறை தேவைப்படும் என்று தெரிந்தால், தமனியிலேயே மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்தி வைக்க முடியுமா என்று நீங்கள் தயங்காமல் கேட்கலாம்.